வார்டுக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்த பாக்கியம்

செவ்வாய்க்கிழமை காலை. டொக்டர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் புண்களுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். சீருடைப் பையில் போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் நான் எடுப்பதில்லை. பாக்கியத்தின் கணவர் செல்லையாவின் பெயரைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

"மிஸ், பாக்கியம் போயிருச்சுங்க" என்றார். பிறகு சொன்னார்: "காலையில தேத்தண்ணி கேட்டுச்சு. நான் ஊத்திக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க."

மறுபடியும் கையுறை போட்டுக்கொண்டு பாதியில் விட்ட கட்டை முடித்தேன். அடுத்த கட்டிலுக்கும் போனேன். அங்கே இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் புண்ணு எங்கயும் ஓடாதுங்க மிஸ். நீங்க போயி முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்றார். போனேன்.

கருமாதிக்கு வந்திருந்த உங்களில் சிலர், பாக்கியத்தைப் பற்றி நான் எழுதவேண்டும் என்று கேட்டீர்கள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அவரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் நீங்கள். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, தொட்டில்களுக்கு நடுவே ஒரு நிமிடமும் உட்காராத பாக்கியத்தை உங்களுக்குத் தெரியும். அவர் ஏன் அப்படி நடந்தார் என்பதும் தெரியும். ஆனால் அந்த நடைக்கு முன்னால் இருந்த ஏழு மாதங்களை முழுதாக அறிந்தவர்கள் செல்லையாவும் நானும்தான். அதை எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முந்திய ஆனி மாதம். வட்டவளைப் பக்கம் அந்த மாதத்தில் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். மகள் கவிதா பள்ளிக்கூடம் போய்விட்டாள். காய்ச்சலில் படுத்திருந்த செல்லையாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பிந்தி வருவதாகக் கங்காணியிடம் சொல்லியிருந்தார் பாக்கியம். லயத்து வரிசை வீடுகளின் பின்பக்க மண்மேடு சரிந்து, அடுப்படிச் சுவர் அவர் மேல் விழுந்தது. செல்லையா காய்ச்சலோடு எழுந்து கையாலேயே மண்ணைத் தோண்டினார். ஆட்கள் மலையிலிருந்து ஓடிவந்து சுவரைத் தூக்கி அவரை வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. கம்பளியில் சுற்றித் தோட்டத்துக் கொழுந்து லொறியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. இடுப்பெலும்பில் இரண்டு இடத்தில் வெடிப்பு. விலா எலும்பு நான்கு. வலது முன்கை. இரண்டு கால்களின் தசையும் நசுங்கியிருந்தது. வார்டில் முதலில் அவரிடம் போனது நான். பெயர் கேட்டேன், சொன்னார். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். எல்லோரும் அந்த நிலையில் "எல்லா இடமும்" என்பார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "லொறியில வரும்போதே ஒண்ணுக்குப் போயிட்டேங்க மிஸ். கருப்புத் தேத்தண்ணி மாதிரி இருந்துச்சுன்னு பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க. அதையும் சொல்லணுமா?" என்றார்.

அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தசை நசுங்கிக் கிடந்தால் அதிலிருந்து வெளியேறும் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். சுவரைத் தூக்கும்வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், தூக்கியபின் ஒரே நாளில் போய்விடுவதுண்டு. டொக்டரிடம் சொன்னேன். உடனே இரண்டு பக்கமும் சேலைன் ஏற்றினோம். அன்று பகலே கண்டிக்கு அனுப்பினோம். அங்கே மூன்று வாரம் இருந்தார். சிறுநீரகம் திரும்ப வேலை செய்யும்வரை இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்தார்கள். தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். பிறகு எங்களிடமே திருப்பி அனுப்பினார்கள்.

வந்தவரை எல்லோரும் பிழைத்துவிட்டவராகவே பார்த்தோம். நானும்தான். பல இடத்தில் அடிபட்டவருக்கு எலும்பு வைத்தபின் வரும் வாரங்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பது புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். ஆனால் ஆள் சிரித்துப் பேசும்போது அது மறந்துபோகிறது.

இனி எழுதப்போவதை இத்தனை வருடத்தில் நான்கைந்து பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

இடுப்புக்குள் இரத்தக் கசிவு இருந்ததால், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியைக் கண்டியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை எப்போது திரும்பத் தொடங்குவது என்று எங்கள் டொக்டர் மறுநாள் முடிவு செய்வதாக இருந்தது. அன்று பிற்பகல் வார்டில் தரையிலும் பாய் போட்டிருந்தோம். நானும் இன்னொரு தாதியும் மட்டும். நான் ஊசித் தட்டோடு போய்க்கொண்டிருந்தபோது பாக்கியம் கூப்பிட்டார்.

"மிஸ், நல்ல காலு இழுக்குதுங்க. ஆடுசதையில. நேத்து இல்ல."

"ஒரே மாதிரி படுத்திருக்கீங்கல்ல, அதான். மாத்திரை தர்றேன்" என்றேன்.

மாத்திரையைக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சரிங்க" என்றார். நான் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. இரண்டு கால்களையும் அளந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பார்க்கவில்லை. நோயாளியின் குறிப்பில் எழுதவும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை முகம் கழுவுவதற்காக அவரைச் சற்று நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். "மூச்சு" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. காலில் உறைந்த கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. நான் வேலைக்கு வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள். இரண்டாம் நாள் செல்லையா வெளி வராந்தாவில் என்னிடம், "பொழைச்சிருச்சுன்னுதானே சொன்னீங்க மிஸ்" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

டொக்டர் சிங்களவர். நிதானமான மனிதர். எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, முந்திய நாள் அந்த அம்மா கால் வலி என்று யாரிடமாவது சொன்னாரா என்று கேட்டார். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. குறிப்பைப் புரட்டினார். அதில் எதுவும் இல்லை. எழுதாத ஒன்று நடக்கவில்லை என்றுதான் எங்கள் வேலையில் கணக்கு. அவர் மூடி வைத்துவிட்டுப் போனார்.

பாக்கியம் வார்டுக்குத் திரும்பி வந்தார். நான் அவருக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே செய்தேன். தலை வாரிவிட்டேன். வீட்டிலிருந்து இடியப்பம் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஐந்தாவது நாள் முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது என்னால் முடியவில்லை.

"பாக்கியம், நீங்க கால் வலிக்குதுன்னு எங்கிட்ட சொன்னீங்க. நான் பார்க்கலை. எழுதவும் இல்லை."

"தெரியுங்க மிஸ். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"டொக்டர் உங்ககிட்டயும் கேட்டாரே. ஏன் சொல்லலை?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்க சொல்லுவீங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பவுடர் டப்பாவை வைத்துவிட்டு நேரே டொக்டரின் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டவில்லை. இன்றைய தேதியைப் போட்டு, பிந்தி எழுதுவதாகவும் குறிப்பிட்டு, நடந்ததை அப்படியே எழுதச் சொன்னார். அதற்கான எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. வரவேண்டியதுதான். எலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒவ்வொருவரின் இரண்டு கால்களையும், நல்ல கால் உட்பட, வேலை மாறும் ஒவ்வொரு தடவையும் திறந்து பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு எங்கள் வார்டில் அந்த வாரம்தான் தொடங்கியது. நான் திரும்பி வந்து பாக்கியத்திடம் "சொல்லிட்டேன்" என்றேன். "ம்" என்றார். மன்னித்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை, "விஜி மிஸ், நாளைக்கும் இடியப்பம் கொண்டாந்தா சம்பல் உறைப்பா இருக்கட்டும்" என்றார். என் பெயரை அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

அதோடு முடிந்துவிடவில்லை. தொடையில் ஆபரேஷன் செய்த இடம் மூன்றாம் மாதம் சிவந்து, சீழ் கசியத் தொடங்கியது. எலும்பு வரை கிருமி போயிருந்தது. திறந்து கழுவினார்கள். மறுபடி கசிந்தது. மறுபடி திறந்தார்கள். கம்பியை எடுத்துவிட்டு வெளியிலிருந்து இரும்புச் சட்டம் போட்டார்கள். அந்தக் கால் ஒன்றரை அங்குலம் குறைந்தது அப்போதுதான். ஒவ்வொரு தடவையும் செல்லையா கையெழுத்துப் போட வந்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் தடவை பாக்கியம் அவரிடமிருந்து தாளைப் பிடுங்கித் தானே இடது கையால் கையெழுத்துப் போட்டார். "காலு என்னோடது. இந்த மனுசன் ஏன் அழுவுறாரு" என்றார்.

ஆனால் அவருக்கும் ஒன்று இருந்தது. மழை நாட்களில் திடீரென்று கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வியர்த்துக் கொட்டும். நாடி பறக்கும். இன்னொரு கட்டி போய்விட்டதோ என்று மூன்று தடவை எல்லாவற்றையும் பரிசோதித்தோம். எதுவும் இல்லை. மழை சம்பந்தப்பட்டது என்று மட்டும் எனக்குப் பட்டது. தகரக் கூரையில் விழும் சத்தம் கேட்கக்கூடாது என்று அவர் கட்டிலை ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளிப் போட்டேன். பயனில்லை.

"மழை பெய்யறப்ப ஒண்ணும் செய்யலைங்க" என்றார் ஒருநாள். "மழை விட்டதும் ஒரு அமைதி வருமில்ல, அதுதான். அன்னைக்கும் மழை விட்டுச்சு. அப்பாடா, வேலைக்குப் போயிறலாம்னு நெனச்சேன். அதுக்கப்புறந்தான் செவுரு வந்துச்சு."

ஐந்து மாதமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நுவரெலியாவிலிருந்து வரும் மனநல டொக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார், பேசினார். அதோடு, அந்த அமைதியில் அவரைத் தனியே விடாதீர்கள் என்றார். எதிர்க் கட்டிலில் ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த பரீதா உம்மா இருந்தார். இடுப்பு முறிந்து வந்தவர். நாங்கள் சொல்லாமலே அவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மழை விட்டதும் உரத்த குரலில், "பாக்கியம், நான் வீட்டுக்குப் போனா மொதல்ல என்ன ஆக்குவேன் தெரியுமா?" என்று தொடங்குவார். கோழியை எத்தனை துண்டாக வெட்டவேண்டும் என்பது வரை சொல்வார். பக்கத்துக் கட்டில்காரர்கள் இல்லை, அப்படியில்லை என்று மறுப்பார்கள். ஒரு மாதத்துக்குள் மழை விட்டால் எங்கள் வார்டு முழுவதும் பேசத் தொடங்கிவிடும். புதிதாக வந்த டொக்டர் ஒருவர் இது என்ன சந்தையா என்று கேட்டார். சிகிச்சை என்று சொன்னேன்.

ஏழாம் மாதம் இரண்டு கைத்தடிகளோடு வீட்டுக்குப் போனார். மலையேறிக் கொழுந்து பறிக்க இனி முடியாது என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. அது உங்களுக்குத் தெரிந்த கதை.

உங்களுக்குத் தெரியாதது, மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு வரும் நாளில் அவர் செய்த வேலை. தன்னுடைய முறை முடிந்ததும் வார்டுக்கு வந்துவிடுவார். புதிதாக அடிபட்டு வந்திருப்பவர்களின் கட்டிலருகே நிற்பார். தன் காலைக் காட்டுவார். பிறகு எல்லோருக்கும் ஒரே விஷயத்தைச் சொல்வார்: "வலி இருக்கும். அதைச் சொல்லிக்கிட்டே இருக்க வேணாம். நேத்து இல்லாதது ஒண்ணு இன்னைக்கு இருந்தா, அதைச் சொல்லுங்க. ஒரு தடவை சொல்லிக் கேக்கலைன்னா ரெண்டாவது தடவை சொல்லுங்க. வெக்கப்படாதீங்க." இதைச் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றாலும் என்னைப் பார்க்கமாட்டார்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. தனக்கு வந்த அத்தனையையும் ஒருநாள் அடிபட்டுப் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கட்டி, சீழ், மூச்சு, இயந்திரம், எல்லாம். அந்தப் பெண் பயந்து அழுது, வீட்டுக்காரர் வந்து முறைப்பாடு செய்தார். இனி பார்வையாளர் நேரம் தவிர வரக்கூடாது என்று நான்தான் பாக்கியத்திடம் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் பொய்யா சொன்னேன்?" என்றார்.

"பொய்யில்லை. ஆனா எல்லாத்தையும் எல்லாருக்கும் ஒரே நாள்ல சொல்லக்கூடாது."

"அப்ப யாரு எப்ப சொல்லுவாங்க? நீங்களா?"

இரண்டு மாதம் அவர் வார்டுப் பக்கம் வரவில்லை. கிளினிக்கில் எதிரே பார்த்தாலும், பையில் எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் மாதம் வந்தார். கையில் ஒரு பொட்டலம் பழம் இருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்து, பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். பழம் அவள் கொடுத்தது. அதன்பின் அதிகம் பேசுவதை விட்டுவிட்டார். உட்கார்ந்து கேட்பார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் சந்தமாலியின் உயிர் தப்பியது. கொத்மலையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை. வயது இருபத்திரண்டு. மோட்டார் சைக்கிளில் அண்ணனோடு போய் விழுந்து தொடை எலும்பும் கீழ்க்காலும் முறிந்திருந்தன. முந்திய நாள்தான் வந்தவள். அடுத்த நாள் ஆபரேஷன் செய்வதாக இருந்தது. காலைப் பார்வையாளர் நேரத்தில் பாக்கியத்தோடு சிங்களத்தில் நன்றாகப் பேசியிருக்கிறாள்; பாக்கியம் அவளை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டிருக்கிறார். தன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பாக்கியம் கிளினிக்குக்குப் போய்விட்டுப் பகல் பன்னிரண்டு மணிபோலத் திரும்பி வந்தார். சற்று நேரத்தில், தடி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக என் மேசைக்கு வந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"விஜி, அந்த நங்கியை வந்து பாரு. பேச்சு மாறுது."

"தூக்க மருந்து போட்டிருக்கு பாக்கியம். அப்படித்தான் இருக்கும்."

சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு என் அன்றைய குரல் கேட்டது. பாக்கியம் அப்படியே நின்றார். நான் எழுந்து போனேன். சந்தமாலி என்னை அம்மா என்று கூப்பிட்டாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, வயலில் என்றாள். மூச்சு வேகமாக இருந்தது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருந்தது. சட்டையை விலக்கிப் பார்த்தேன். கழுத்தடியிலும் அக்குளிலும் ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள். பெரிய எலும்பு முறிந்தால் அதற்குள்ளிருக்கும் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் தாக்குவது சிலருக்கு நடக்கும். முதல் இரண்டு மூன்று நாளில், எல்லாம் சரி என்று நினைக்கும் வேளையில் வரும். பத்து நிமிடத்தில் டொக்டர் வந்தார். அன்று பகலே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். செயற்கைச் சுவாசம் ஐந்து நாள். ஆறாம் நாள் கண் திறந்து தன் பெயரைச் சரியாகச் சொன்னாள்.

கல்யாணம் ஐந்து மாதம் தள்ளி நடந்தது. பாக்கியத்தை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். நானும் போயிருந்தேன். சந்தமாலியின் தாய் பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று வரும் வழியில் கேட்டேன். "அவங்க அழுதுக்கிட்டே பேசுனதுல பாதி வெளங்கலை. நானும் தலையாட்டிக்கிட்டே இருந்தேன்" என்றார். பிறகு, "சாப்பாடு நல்லா இருந்துச்சு, இல்ல?" என்றார்.

அன்று நசுங்கிய தசை சிறுநீரகத்துக்குச் செய்த கேடு முழுதாக ஆறவில்லை. பத்து வருடத்துக்கு மேல் மறைந்திருந்து போன வருடம் வெளியே வந்தது. கால் வீங்கியது, சாப்பாடு பிடிக்கவில்லை. இதற்குள் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் வந்திருந்தது; வாரம் இரண்டு தடவை அதற்கு வரத் தொடங்கினார். வட்டவளையிலிருந்து காலை பஸ். செல்லையா கூடவே வருவார். அடிபட்ட உடம்பு அடிபட்டதை மறப்பதில்லை என்பதை இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் நான் பாக்கியத்தின் இரத்தப் பரிசோதனைத் தாள்களில்தான் முழுதாகப் படித்தேன். மற்ற உறுப்புகளும் தளர்ந்துகொண்டு வந்தன. இதயமும் வீங்கியிருந்தது. சிறுநீரகம் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். செல்லையா மருந்து எடுக்கப் போயிருந்தார். பாக்கியம் அவர் போன திசையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"விஜி, சித்திரைக்கு நான் இருப்பேனா?"

முப்பது வருடமாக நோயாளிகளுக்குச் சொல்லிவந்த எத்தனையோ பதில்கள் என்னிடம் இருந்தன. பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். கடவுள் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். டொக்டரைக் கேளுங்கள் என்பது எல்லாவற்றிலும் சுலபம். அவர் கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.

"இருக்கமாட்டீங்கன்னுதான் நினைக்கிறேன், பாக்கியம்" என்றேன்.

தலையை மெல்ல ஆட்டினார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்க ஒரு கைதான் இருந்தது, இன்னொரு கையில் ஊசி. துடைத்துக்கொண்டார்.

"கவிதா சித்திரையிலதான் வர்றேன்னு இருக்கா. பிரசவத்துக்கு. அப்ப அவளை இப்பவே வரச் சொல்லணும்" என்றார். "அவங்க அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொல்லாத. நீ சொன்னா அந்த மனுசன் இங்கேயே உக்காந்துருவாரு."

கவிதா கொழும்பில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு வந்தாள். செத்த வீட்டில் அவள் ஆறு மாத வயிற்றோடு என்னருகே வந்து உட்கார்ந்தாள். "நீங்கதான் சொன்னீங்கன்னு அம்மா சொன்னாங்க மிஸ்" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றுகூட நினைத்தேன். அவள் தொடர்ந்தாள்: "ஏழு வாரம் அம்மாகூடவே இருந்தேங்க. ஒரே கட்டில்ல படுத்தோம். பிள்ளை வயித்துல உதைக்குறப்பெல்லாம் அம்மா கையைப் பிடிச்சு வெச்சேன். சித்திரைக்கு வந்திருந்தா எனக்கு எதுவும் கிடைச்சிருக்காது."

கருமாதி முடிந்து மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். தேயிலை மலையில் வழுக்கி விழுந்து, பல இடத்தில் அடிபட்ட ஓர் அம்மா வந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். அவருடைய மகள் வராந்தாவில் என்னை மறித்து, "அம்மாவுக்கு இனிமே பயம் இல்லைதானே மிஸ்?" என்று கேட்டாள். நான் ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தேன். இன்னொன்றை இழுத்து நானும் உட்கார்ந்தேன். என்ன ஆறியிருக்கிறது, இனி என்ன வரக்கூடும், அது வந்தால் எப்படித் தெரியும், அவள் எதைக் கவனிக்க வேண்டும், எங்களுக்கே தெரியாதது எது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு தடவை அழுதாள். அழுது முடியும்வரை இருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அரை மணி நேரம் ஆனது. எழுந்து போகும்போது, "இப்பத்தான் மிஸ் எனக்கு என்ன செய்யணும்னு வெளங்குது" என்றாள்.

பாக்கியத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அரை மணி நேரம். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை கேட்பவர்களுக்கெல்லாம் அதைக் கொடுப்பேன்.